ஏற்காட்டில் விடுதிப் பள்ளியின் கரண்ட் பில்: சட்டம் என்ன சொல்கிறது, பணம் எங்கே கேட்பது?

ஏற்காடு_பழைய மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்த பள்ளி ஏற்காடு மலையில் ஒரு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. இப்போது அதன் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவன் என்ற முறையில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். வேலை சேலத்தில், லீவு நாளில்தான் மேலே போக முடிகிறது.

அங்கே 120 பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் 3,500 யூனிட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. பணத்தைத் துறைதான் கட்டுகிறது, ஆனால் ஒதுக்கீடு போதாமல் பாக்கி விழுந்தால் முதலில் நிறுத்துவது கீசரைத்தான். மார்கழிப் பனியில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சின்னப் பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். நானும் அப்படிக் குளித்தவன்தான், அதற்காக இவர்களும் குளிக்க வேண்டுமா?

ஒரு சோலார்காரர் 10 கிலோவாட் போடலாம், 78,000 ரூபாய் மானியம் வரும் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இன்னொருவர், அரசுக் கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதைக் காட்டி மனு கொடுங்கள் என்கிறார். எது சரி? எங்களுக்கு ஏற்ற நிதி எது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_மின்வாரியம்

தம்பி, முதலில் அந்த 78,000 கதையை விட்டுவிடுங்கள். அது 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டம், வீடுகளுக்கு மட்டும். முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000 வீதம், மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். பள்ளிக்கு அந்த மானியம் வராது. அதைக் கொட்டேஷனில் கழித்துக் காட்டியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், மலையில் பேனல் கீழே போல விளையாது. சமவெளியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்று கணக்குப் போடுவோம். அங்கே மாசக்கணக்கில் மூடுபனி, கூரையைச் சுற்றி சில்வர் ஓக் மரம், காலை பத்து மணி வரை நிழல் விலகாது. சோலாரே வேண்டாம் என்று சொல்லவில்லை, அது முதல் வேலை இல்லை என்கிறேன்.

முதல் வேலைக்கு ஒரு பைசா ஆகாது. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது விடுதிப் பக்கம் எல்லா சுவிட்சையும் அணையுங்கள், மெயினை மட்டும் விட்டுவிடுங்கள். பிறகு மீட்டரைப் பாருங்கள், அதில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியும். ஒவ்வொரு சிமிட்டலும் இவ்வளவு மின்சாரம் என்று கணக்கு. எல்லாம் அணைத்த பிறகும் அது சிமிட்டினால் எங்கோ கசிவு, இல்லை யாருக்கும் தெரியாமல் ஒரு சாதனம் ஓடுகிறது. ஃபியூஸ் கட்டையை ஒவ்வொன்றாக எடுத்தால் எந்த லைன் என்று பிடித்துவிடலாம். ஃபியூஸ் எடுக்கும் வேலையை எலக்ட்ரீசியனை வைத்துச் செய்யுங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

பில்லில் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது, சாங்ஷன் லோடு, அதாவது வாரியம் அனுமதித்த மின்சுமை, எவ்வளவு என்பதையும் பாருங்கள். நிலைக்கட்டணம் லோடை வைத்துத்தான் போடுகிறார்கள். எப்போதோ வாங்கிய லோடு தேவைக்கு மேல் இருந்தால் குறைக்க எழுதிக் கொடுக்கலாம்.

ஆடிட்டர்_அஸ்தம்பட்டி

எரிசக்தித் தணிக்கைதான் என் தொழில், அதாவது ஒரு கட்டடத்தில் மின்சாரம் எங்கெங்கே எவ்வளவு போகிறது என்று அளந்து பார்ப்பது. சட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன்.

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001ல் வந்தது, அதன்படி எரிசக்தித் திறன் பணியகம் 2002 மார்ச் 1ல் தொடங்கியது. கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007ல் வந்து 2017ல் திருத்தப்பட்டது. ஆனால் அது 100 கிலோவாட் இணைப்பு லோடு அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்களுக்குத்தான். 2022 திருத்தத்தில் மாநிலங்கள் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளி எப்படிப் பார்த்தாலும் இருபது, இருபத்தைந்து கிலோவாட்டைத் தாண்டாது. அதனால் "சட்டப்படி செய்தே ஆக வேண்டும்" என்று மனுவில் எழுதினால் அங்கேயே தள்ளிவிடுவார்கள். ஏசி 24 டிகிரி விதி கேள்விப்பட்டிருப்பீர்கள், 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள ஏசி எல்லாம் 24ல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது. அது கம்பெனிகளுக்குப் போட்ட விதி, ஏசியே இல்லாத உங்கள் விடுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சட்டத்தால் உங்களுக்கு ஆகக்கூடிய உதவி வேறு. இந்தச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் பொறுப்பான அமைப்பு மின் ஆய்வுத் துறை, அதாவது தலைமை மின் ஆய்வாளர் அலுவலகம். அங்கே தணிக்கைக்கு வழி கேட்டுப் பாருங்கள். உங்கள் எஸ்டிமேட்டோடு ஒரு தணிக்கை அறிக்கையும் இருந்தால் கேட்கும் தொகைக்கு அடிப்படை கிடைக்கும், கலெக்டர் ஆபீஸில் கேள்வி கேட்டாலும் பதில் கையில் இருக்கும்.

இப்போது உங்கள் 3,500 யூனிட் எங்கே போகிறது என்று பார்ப்போம். பத்து லிட்டர் வெந்நீர் ஒரு பிள்ளைக்கு, 120 பேருக்கு 1,200 லிட்டர். தண்ணீரின் சூட்டை 25 டிகிரி கூட்ட 100 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 2.9 யூனிட் வேண்டும், ஆக நாளைக்கு 35 யூனிட். இரண்டு மாதத்தில் 50 நாள் குளித்தாலே 1,750 யூனிட் ஆகிவிட்டது, பாதி பில் குளியலறையில்தான் இருக்கிறது. பேனல் விற்பவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா?

மீதி யூனிட்டில் ட்யூப் லைட் இருக்கும். பழைய சோக் வைத்த பட்டி என்றால் ட்யூபும் சோக்கும் சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும், 20 வாட் எல்இடி அதே வெளிச்சம் கொடுக்கும். அப்புறம் தண்ணீர் மோட்டார். ரீவைண்டிங் செய்த மோட்டாரா, கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு பிடிக்கிறதா என்று பாருங்கள். வால்வு பிடிக்காவிட்டால் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும், ஒவ்வொரு முறையும் மோட்டார் அதை முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

வாழப்பாடி_டீச்சர்

ஆடிட்டர் மேடம் சொன்னது மலைக்குச் சரி. கீழே இருக்கும் பள்ளிகளில் இதைப் படிப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஒன்றியப் பள்ளியில் வெந்நீரே கிடையாது, மார்ச் தொடங்கினால் ஃபேன்தான் எல்லாம். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குள் ஓடுகிறது, காற்றில் குறையே இல்லை. 2023 ஜனவரியிலிருந்து ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம், அதனால் ஸ்டார் பார்த்தே வாங்கலாம். பிரச்சினை என்னவென்றால், சேலத்துக்கு எழுதிய எஸ்டிமேட்டையே ஏற்காட்டுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே போய் ஃபேன் மாட்டி என்ன பயன்?

நிதிக்கு எங்கள் அனுபவம்: சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு, 101 முதல் 250 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 50,000 ரூபாய். கரண்ட் பில், சின்னச் சின்ன ரிப்பேர், சாக்பீஸ் முதல் எல்லாம் அதற்குள்தான், எனவே ட்யூப் லைட் மாற்றும் அளவுக்குத்தான் தாங்கும். 2024 முதல் மத்திய அரசு அந்த நிதியைத் தராமல் நிறுத்தியதில் நாங்கள் பட்ட பாடு தனி. பெரிய வேலைக்கு "நமக்கு நாமே" திட்டம் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்களோ முன்னாள் மாணவர்களோ கட்டினால் மீதி அரசு தரும். 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" வழியாகக் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணமும், அதாவது சமூகப் பொறுப்பு நிதியும், கேட்கலாம். கம்பெனிச் சட்டம் 2013ன்படி அளவுக்கு மேல் லாபம் வரும் கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழித்தாக வேண்டும். நம் மாவட்டத்திலேயே உருக்காலையும் மேச்சேரிப் பக்கம் ஜேஎஸ்டபிள்யூ இரும்புக் கம்பெனியும் இருக்கின்றன.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பராமரிப்புக்கு எழுதி வாங்காமல் எதையும் மாட்டாதீர்கள். ஒரு பள்ளியின் மொட்டை மாடியில் சோலார் பேட்டரி செத்துப்போய் ஆண்டுக்கணக்கில் துரு ஏறிக் கிடப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பணத்தில் எத்தனை பெஞ்சு வாங்கியிருக்கலாம்.

நாகலூர்_முன்னாள் வார்டு

தம்பி, டீச்சரம்மா சொன்னது ஒன்றியப் பள்ளிக்கு. உங்கள் பள்ளி பழங்குடியினர் நலத் துறையுடையது, பாதையே வேறு. பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் கொடுத்தால் "எங்கள் சொத்து இல்லை" என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார். நீங்கள் போக வேண்டியது பழங்குடியினர் நலத் திட்ட அலுவலரிடம். கட்டட வேலை பெரும்பாலும் தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகம்) இன்ஜினியர் எஸ்டிமேட் போட்டால்தான் நகரும், அதனால் முதலிலேயே அவரைக் கூட்டிவந்து குளியலறையைக் காட்டிவிடுங்கள்.

எம்.பி. நிதி கேட்பதாக இருந்தால் கவனம், நம் ஏற்காடு தொகுதி நாடாளுமன்றத்துக்குக் கள்ளக்குறிச்சியில் சேர்ந்தது. மலையிலிருந்து இறங்கினால் சேலம் என்பதால் நிறையப் பேர் சேலம் எம்.பி.யிடம் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். வருடத்துக்கு 5 கோடி, அதில் 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுதலே இருக்கிறது, அதை மனுவில் எழுதுங்கள். எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. மாவட்டத்தில் பழங்குடியினருக்கான ஒரே தனித்தொகுதி நம்முடையது, உரிமையோடு கேட்கலாம்.

2024 அக்டோபர் 2ல் மத்திய அரசு பழங்குடிக் கிராமங்களுக்கென்று "தர்தி ஆபா" என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது, அதில் பழங்குடியினர் உறைவிடப் பள்ளி, விடுதி மேம்பாடும் உண்டு. அரசியல் சட்டம் 275(1) பிரிவின் கீழ் பழங்குடியினர் நலனுக்காக மத்திய அரசு தரும் மானியமும் இருக்கிறது. இரண்டுமே திட்ட அலுவலர் வழியாகத்தான்.

ஏற்காடு_பழைய மாணவன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மின்வாரிய ஐயா சொன்னபடி எலக்ட்ரீசியனோடு போய் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தோம். சிவப்பு விளக்கு நிற்காமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்ததில், யாரும் குடியில்லாத பழைய குவார்ட்டர்ஸ் லைனை எடுத்தபோது நின்றது. பூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு கீசர், சுவிட்ச் போட்டபடியே. அதிலிருந்து போகும் குழாய் மூட்டில் வெந்நீர் சொட்டுச் சொட்டாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, சுவர் முழுக்கப் பாசி. எத்தனை நாளாக என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இல்லாத வெந்நீர் சாக்கடைக்குப் போனதைப் பார்த்து வார்டன் அண்ணனுக்கே கண் கலங்கிவிட்டது. அன்றே அந்த லைனைத் துண்டித்துவிட்டோம்.

ட்யூப் லைட் 60 இருக்கிறது, முக்கால்வாசி பழைய பட்டிதான். இப்போது என் சந்தேகம், வெந்நீருக்கு எதைக் கேட்பது? இன்னொன்று, பில்லைத் துறை கட்டும்போது மிச்சமாகும் பணம் பிள்ளைகளுக்குத் திரும்பி வருமா?

ஆடிட்டர்_அஸ்தம்பட்டி

நல்ல வேலை செய்தீர்கள். அடுத்த பில்லையும் போன வருடம் இதே மாதத்து பில்லையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மனுவோடு இணைக்கலாம்.

கடைசியாகக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. மிச்சம் தானாகத் திரும்பி வராது, துறைக் கணக்கில் கரைந்துவிடும். அரசுக் கட்டடங்களில் யாரும் அக்கறையாக விளக்கை அணைக்காததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன், மிச்சம் பிடித்தவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் மேலாண்மைக் குழுத் தீர்மானத்திலேயே "கீசரை எந்த மாதமும் நிறுத்தக் கூடாது, குறையும் செலவிலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும்" என்று எழுதித் திட்ட அலுவலருக்கு அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால்தான் அடுத்து வரும் அதிகாரியிடமும் கேட்க முடியும்.

வெந்நீருக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் கேளுங்கள், கண்ணாடிக் குழாய் வகை. மூடுபனி மாதங்களுக்குத் துணையாக ஒரு ஹீட் பம்ப், காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மெஷின். அது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும், 35 யூனிட் ஆன இடத்தில் பன்னிரண்டு போதும். ஓட்டுக் கூரை என்றால் தொட்டியின் எடை தாங்காது, தரையிலோ தனி ஸ்டாண்டிலோ வைக்க எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நாளையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குளியலை மாலைக்கு மாற்றிப் பாருங்கள். விளையாடி முடித்து நாலரை, ஐந்து மணிக்குக் குளித்தால் தொட்டித் தண்ணீர் விடியற்காலை அளவுக்குச் சில்லென்று இருக்காது, கீசருக்கும் வேலை குறைவு. நாளைக்கு சோலார் வந்தாலும் அந்த நேரத்தில்தான் தண்ணீர் நல்ல சூட்டில் இருக்கும். வார்டனும் பெற்றோரும் ஒத்துக்கொண்டால் போதும், யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் ஒரு பள்ளிக்கென்று தனியாக டெண்டர் போட்டால் நல்ல கம்பெனி ஒன்றும் மலை ஏறி வராது. மலையில் இருக்கும் மற்ற உறைவிடப் பள்ளிகள், விடுதிகளின் பில்களையும் வாங்கி ஒரே எஸ்டிமேட்டாகப் போடச் சொல்லுங்கள், ஐந்து வருடப் பராமரிப்போடு. எல்லாப் பில்லும் கைக்கு வந்ததும் இங்கேயே போடுங்கள், லோடு கணக்கை நான் போட்டுத் தருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம்.