ஃப்ரீவியூவில் பாதிச் சானல்களைக் காணவில்லை, வருபவையும் உடைகின்றன – உதவி தேவை

நிலாமுற்றம் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஃப்ரீவியூ (பிரிட்டனில் அன்ரனா வழியே இலவசமாக வரும் சேவை) பார்க்கிறோம். அதில் சென்ற வாரம் முதல் எச்டி சானல்கள் எதுவும் வருவதில்லை. அவற்றோடு வேறு பல சானல்களும் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டன. பிபிசி, ஐடிவி போன்றவை வருகின்றன. ஆனால் மாலை வேளைகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒலியும் விட்டு விட்டுக் கேட்கிறது. ரீட்யூன் (சானல்களை மீண்டும் தேடிப் பதிவது) செய்தும் பயனில்லை. கேபிள்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. மாமாவும் மாமியும் பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு. தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

வெம்பிளிவாசி எழுதியது:
சகோதரி, நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள்? அன்ரனா கூரை மேல் இருக்கிறதா, வீட்டுக்குள்ளே இருக்கிறதா? இது தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

அலைக்கற்றை எழுதியது:
எனக்கு இதில் சந்தேகமே இல்லை, இது 5ஜி இடைஞ்சல். தொலைக்காட்சிக்கு இன்று மிஞ்சியிருப்பது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டுமே. முதலில் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியை 4ஜிக்குக் கொடுத்தார்கள். பிறகு 2020க்குள் 700 பகுதியையும் காலி செய்து, 2021இல் கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்டார்கள். உங்கள் தெருவில் புதிய கைபேசிக் கோபுரம் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கைபேசி அலைகளைத் தடுக்கும் ஒரு ஃபில்டர் பொருத்தினால் போதும். ரிஸ்டோர் டிவி என்னும் அமைப்பு, பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு அதை இலவசமாகவே அனுப்புகிறது.

ஈஸ்ட்ஹாம் இளவல் எழுதியது:
காற்றழுத்தம் உயர்ந்திருக்கும் நாட்களில் தொலைதூர ஒளிபரப்புக் கோபுரங்களின் அலைகள் வளைந்து வந்து, நம் கோபுரத்தின் அலைகள் மேல் விழும். வானிலை மாறினால் அது தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் ரீட்யூன் செய்வதுதான் பெரிய தவறு. உள்ள சானல்களும் பட்டியலிலிருந்து அழிந்துவிடும்.

கோபுரக்காவலன் எழுதியது:
இந்தப் பகுதியில் கேள்வி கேட்பவர்கள் முதலில் எதைத் தர வேண்டும் என்று நான் பல முறை எழுதியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை. அஞ்சல் குறியீட்டின் முதல் பாதி, அன்ரனா இருக்கும் இடம், நடுவில் பூஸ்டரோ (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஸ்பிளிட்டரோ (அதைப் பல தொலைக்காட்சிகளுக்குப் பிரிப்பது) இருக்கிறதா, அண்மையில் வீட்டில் என்ன மாறியது, தொலைக்காட்சி மெனுவில் காட்டும் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் – இவை இல்லாத கேள்விக்குக் கைபேசிக் கோபுரத்தையும் வானிலையையும் விடையாகச் சொல்வது வெறும் ஊகம். “கேபிள்கள் எல்லாம் சரி” என்பதும் விவரம் ஆகாது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கேபிளின் உள்ளே, பிளக்கின் அருகில், பின்னல் இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

நிலாமுற்றம் எழுதியது:
நாங்கள் தோர்ன்டன் ஹீத்தில் இருக்கிறோம். அன்ரனா மேல்மாடத்தில், கூரைக்கு உள்பக்கம் இருக்கிறது. வலிமை 100 என்று நிற்கிறது; தரம் 20க்கும் 40க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. மாமாவின் அறையில் இரண்டாவது தொலைக்காட்சி வைப்பதற்காக என் மைத்துனர் சென்ற வாரம் மேல்மாடத்தில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார். அதில் சிவப்பு விளக்கு எரிகிறது. 26 டெசிபெல் என்று எழுதியிருக்கிறது. சிக்னல் கூடும் என்று சொல்லித்தான் வாங்கினார், ஆகவே அதில் பிழை இருக்காது என்று நினைக்கிறேன்.

கோபுரக்காவலன் எழுதியது:
முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருந்தால் இத்தனை பேர் அலைய வேண்டியதில்லை. உங்கள் பிழை அந்த வெள்ளைப் பூஸ்டர் பெட்டிதான்.

தோர்ன்டன் ஹீத்திலிருந்து கிரிஸ்டல் பேலஸ் ஒளிபரப்புக் கோபுரம் சுமார் 2 மைல் தொலைவில் இருக்கிறது. 219 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம், முக்கியமான மல்டிபிளக்ஸ் (பல சானல்களை ஒன்றாகச் சுமந்து வரும் அலை) ஒவ்வொன்றையும் 200 கிலோவாட் வலிமையில் அனுப்புகிறது. உங்கள் அன்ரனா எந்த உதவியும் இல்லாமலே தேவைக்கு மேல் பிடிக்கும். தொலைக்காட்சியின் நுழைவாயிலில் 45 முதல் 65 டெசிபெல்மைக்ரோவோல்ட் (சிக்னல் அளவைக் குறிக்கும் அலகு) வரை இருந்தால் போதும். அதன் மேல் 26 டெசிபெல் பூஸ்டர் வைப்பது, திறனைச் சுமார் 400 மடங்காகப் பெருக்குவதாகும். திருவிழாவில் ஒலிபெருக்கியின் வாயருகே நிற்பவருக்குப் பாட்டின் ஒரு சொல்லும் விளங்காததைப் போல, உங்கள் தொலைக்காட்சிக்குள் அலையைப் பிரித்தெடுக்கும் ட்யூனர் திணறுகிறது. வலிமை 100, தரம் 20 என்பதற்குப் பொருள் இதுவே. தரம் குறைந்திருக்கும்போது வலிமை எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

சில சானல்கள் மட்டும் மறைவது ஏன் என்று கேட்பீர்கள். கிரிஸ்டல் பேலஸின் ஆறு முக்கிய மல்டிபிளக்ஸ்கள் யுஎச்எஃப் அலைவரிசை எண்கள் 22, 23, 25, 26, 28, 30 என்று நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அளவுக்கு மேல் ஏற்றப்பட்ட பூஸ்டருக்குள் இவை ஒன்றோடொன்று கலந்து, இல்லாத புதிய அலைகளை உண்டாக்கி, அவை மறுபடியும் இதே ஆறின் மேல் விழுகின்றன. பிபிசியின் சாதாரண சானல்கள் 23இலும், ஐடிவியும் சானல் 4உம் 26இலும் வருகின்றன. அவற்றில் அனுப்பப்படும் தரவின் மூன்றில் ஒரு பங்கு பிழைதிருத்தத்துக்கே ஒதுக்கப்படுவதால், அவை அடிபட்டாலும் ஓரளவு தாங்குகின்றன. 22, 25, 28 ஆகிய வணிக மல்டிபிளக்ஸ்களில் அந்தப் பங்கு நான்கில் ஒன்றுதான். 30இல் வரும் எச்டி, டிவிபி-டி2 என்னும் புதிய ஒளிபரப்பு முறையில் இன்னும் நெருக்கமாகத் தரவைத் திணிக்கிறது. ஆகவே அவை முதலில் விழுகின்றன.

செய்ய வேண்டியது இது. அன்ரனாவிலிருந்து வரும் கேபிளை வெள்ளைப் பெட்டியிலிருந்து கழற்றி, இரண்டு தொலைக்காட்சிகளுக்கும் மின்சாரம் தேவைப்படாத சாதாரண ஸ்பிளிட்டர் ஒன்றின் வழியே கொடுங்கள். அதில் ஒவ்வொரு வழிக்கும் 4 டெசிபெல் அளவு இழப்பு ஏற்படும். உங்கள் இடத்தில் அது நன்மையே. அதற்குப் பிறகும் தரம் தடுமாறினால், சிக்னலைக் குறைக்கும் கருவியான அட்டெனுவேட்டர், அளவை மாற்றக்கூடியதாக, ஒன்றைச் சேர்க்கலாம். பெட்டியைக் கழற்றிய பிறகுதான் ரீட்யூன்; அதற்கு முன் வேண்டாம்.

அலைக்கற்றை எழுதியது:
ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் என் கருத்தை ஊகம் என்று தள்ள வேண்டாம். பழைய வகைப் பூஸ்டர்கள் 862 மெகாஹெர்ட்ஸ் வரை அனைத்தையும் பெருக்குகின்றன. அப்படியென்றால் 4ஜியும் 5ஜியும் அதே பெட்டிக்குள் புகுந்து, அதை இன்னும் திணறடிக்கும். ஃபில்டரைப் பூஸ்டருக்கு முன்னால் பொருத்தினால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

கோபுரக்காவலன் எழுதியது:
பூஸ்டர் தேவைப்படும் வீட்டுக்கு அது சரியான அறிவுரை. கோபுரத்தின் காலடியில் இருக்கும் வீட்டுக்கு அல்ல. கைபேசி அலைகளை வடிகட்டிய பிறகும் அந்த ஆறு மல்டிபிளக்ஸ்கள் மட்டுமே பூஸ்டரை நிரப்பிவிடும்.

குரோய்டன் குடிமகன் எழுதியது:
இந்தக் காலத்தில் மேல்மாடத்தில் ஏறி அன்ரனாவோடு போராடுவது எதற்கு? 2024 முதல் ஃப்ரீலி என்னும் சேவை, இந்தச் சானல்களில் பலவற்றை இணையம் வழியாகவே தருகிறது. அந்தச் சேவை உள்ள புதிய தொலைக்காட்சி ஒன்றை வாங்கிவிட்டால் கேபிளே வேண்டியதில்லை. அன்ரனா வழி ஒளிபரப்புக்கு 2034 வரைதான் உறுதி சொல்லியிருக்கிறார்கள்.

வெம்பிளிவாசி எழுதியது:
அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் தாயார் தனியாக வாழ்கிறார். அவர் வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. மாதக் கட்டணமும் அவருக்குச் சுமை. அன்ரனாவைச் செருகினால் படம் வரும் என்பது அவரைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. லண்டனில் 2012 ஏப்ரலில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றபோது, ஒரு சிறு பெட்டியை வாங்கிப் பழைய தொலைக்காட்சியோடு சேர்த்தால் போதுமானதாக இருந்தது. இணையத்துக்கு மாறுவது அப்படிப்பட்டதல்ல.

குரோய்டன் குடிமகன் எழுதியது:
அனலாக்கை நிறுத்தியபோதும் முதியவர்கள் தவித்துப்போவார்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். ஆயினும் எல்லோரும் மாறிவிட்டார்கள். மிகச் சிலருக்காக இத்தனை அலைவரிசையை எத்தனை காலம் வைத்திருப்பது?

வெம்பிளிவாசி எழுதியது:
அன்று மாறியவர்களுக்கு 75 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கான தனி உதவித் திட்டம் ஒன்று இருந்தது; வீட்டுக்கே வந்து பொருத்திக் காட்டினார்கள். அவர்கள் தாமாக மாறிவிடவில்லை. இணைய இணைப்புக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வரட்டும், பிறகு பேசலாம்.

ஈஸ்ட்ஹாம் இளவல் எழுதியது:
இருவரும் பொறுத்தருள வேண்டும். கேள்வி கேட்டவர் காத்திருக்கிறார். மாலையில் மட்டும் உடைவது ஏன் என்பதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. பூஸ்டர் நாள் முழுவதும் ஒரே அளவில்தானே பெருக்குகிறது?

மின்வினைஞர் எழுதியது:
நியாயமான கேள்வி. நான் மின்வேலை செய்பவன். மாலையில் வரும் இடைஞ்சல் என்றால் முதலில் விளக்குகளைத்தான் பார்ப்பேன். மலிவான எல்இடி விளக்குகளின் உள்ளே இருக்கும் மின்மாற்றும் சுற்று, அகன்ற பரப்பில் இரைச்சலை உமிழ்கிறது. ஏற்கெனவே தரம் 40இல் தள்ளாடும் வீட்டில் அந்தச் சிறு இரைச்சலே படத்தை உடைத்துவிடும். தரம் 90இல் இருக்கும் வீட்டில் அதே விளக்கு எரிந்தாலும் ஒன்றும் தெரியாது. சகோதரி, படம் உடையும் நேரத்தில் அறை அறையாக விளக்கை அணைத்து, மெனுவில் தரம் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து தொலைக்காட்சிக்கு வரும் குறுங்கேபிளையும் கவனியுங்கள். கடைகளில் கிடைக்கும் மெல்லிய வெள்ளைக் கேபிள்களில் பலவற்றுக்குப் பின்னல் கவசம் பேருக்குத்தான் இருக்கும். செம்புத் தகடும் செம்புப் பின்னலும் சேர்ந்த இரட்டைக் கவசக் கேபிளாக மாற்றுங்கள். அதை எச்டிஎம்ஐ கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், அதிலிருந்தும் இரைச்சல் கசியும்.

கோபுரக்காவலன் எழுதியது:
மின்வினைஞர் சொன்ன விளக்குச் சோதனை நல்லது. ஆனால் வரிசை முக்கியம். பூஸ்டரைக் கழற்றுவதற்கு முன் விளக்குகளை ஆராய்ந்தால் எது எதனால் என்று தெரியாமல் போகும்.

நிலாமுற்றம் எழுதியது:
அனைவருக்கும் நன்றி. மைத்துனர் வந்து வெள்ளைப் பெட்டியை எடுத்துவிட்டு ஸ்பிளிட்டரைப் பொருத்தினார். ரீட்யூன் செய்ததும் எச்டி உட்பட எல்லாச் சானல்களும் வந்துவிட்டன. இப்போது வலிமை 82, தரம் 100. சமையலறை விளக்கைப் போடும் நொடியில் மட்டும் ஒருமுறை படம் சற்று அதிர்கிறது. குறுங்கேபிளை மாற்றிவிட்டு எழுதுகிறேன்.

ஹாரோ ரசிகன் எழுதியது:
எனக்கும் இதே சிக்கல்தான், நானும் பூஸ்டரைக் கழற்றினேன், இப்போது ஒரு சானலும் வரவில்லை. என்ன செய்வது?

கோபுரக்காவலன் எழுதியது:
கழற்றியதை மறுபடி பொருத்துங்கள். ஹாரோவிலிருந்து கிரிஸ்டல் பேலஸ் லண்டனின் மறுகோடியில் இருக்கிறது. இங்கே சொன்னது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. தனிப் பதிவு தொடங்கி, அன்ரனா எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, வலிமையும் தரமும் எவ்வளவு, ஸ்பிளிட்டர் எத்தனை வழி என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.