மழையும் வண்ணப் பூ நாற்றுகளும்: உறுப்பினர் அனுபவங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

ஜின்னியா விதையை முளைக்க வைப்பது நம் ஊரில் கடினமே இல்லை. இங்குள்ள வெப்பத்தில் மூன்று, நான்கு நாட்களில் முளை வெளியே தலைகாட்டிவிடும். சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சாயங்கால மழை ஓய்ந்த மறுநாள் காலையில், நிமிர்ந்து நின்ற நாற்றுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் நூல்போல இளைத்து, பழுப்பேறிச் சாய்ந்து கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வெயிலில் வாடியதென்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அது நாற்றழுகல் நோய்; ஈரம் தேங்கத் தேங்கப் பக்கத்து நாற்றுகளுக்கும் பரவும்.

ஆகவே நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளைக் காலை வெயில் விழும்படியும் சாரல் படாதபடியும் கார் நிறுத்துமிடத்துக் கூரையின் ஓரத்தில் வைக்கிறேன். தென்னைநார்த் தூளில் மணல் கலந்து நிரப்பி, மேலிருந்து தெளிக்காமல், அகலத் தட்டில் சிறிதளவு நீர் விட்டு அதில் குழித்தட்டை வைத்தால் ஈரம் அடியிலிருந்தே ஏறும். மேற்பரப்பு நிறம் மாறியவுடன் எடுத்துவிட வேண்டும். செடியில் மூன்று, நான்கு சோடி இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் வெடித்துப் பூக்கள் மிகும். காசித்தும்பையை மட்டும் கிள்ள வேண்டாம், அதன் பூக்கள் நடுத்தண்டை ஒட்டியே மலர்பவை.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

செந்தூல் அக்கா மேலே கூறிய அடிநீர் முறை பத்துமணிப்பூவுக்கு இன்னும் அவசியம். அதன் விதை தூள்போலச் சிறியது. முளைக்க வெளிச்சம் வேண்டுமென்பதால் மண்ணால் மூடாமல் தூவிவிடுகிறோம், மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். பெட்டூனியா விதையும் அத்தகையதே. ஆயினும் அதன் மெல்லிய இதழ்கள் நம் மழைக்குத் தாங்குவதில்லை என்பதால் அதைக் கூரைக்கு அடியில் மட்டுமே வளர்க்கிறேன்.

இறக்குமதி விதைப் பொட்டலங்களில் கடைசி உறைபனிக்குப் பிறகு விதைக்கும்படி எழுதியிருப்பார்கள். நமக்கு அந்தக் கணக்கு உதவாது. மழையைப் பார்த்தே விதைக்க வேண்டும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி, ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. உயரமான செண்டுமல்லி வகைகள் குறுகிய பகலில் பூப்பவை. இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே நீடிப்பதால் அவை எந்த மாதத்திலும் பூக்கும். அதனால் நவம்பரில் கூரைக்கு அடியில் விதைத்து, மழை தணியும்போது வெளியே நடுகிறேன். தைப்பூச மாலைக்குத் தேவையான பூ வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது.