கிணற்று நீரில் டிரைகுளோரோஎத்திலீன்: கொதிக்க வைத்தால் போய்விடுமா?

ஆழ்துளை:
அவசரமாக உதவி வேண்டும். எங்கள் கிணற்று நீரின் ஆய்வறிக்கையில் டிரைகுளோரோஎத்திலீன் 14 என்று வந்திருக்கிறது. நீரில் நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கொதிக்க வைத்தால் போதுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

நீரோட்டம்:
14 என்பது லிட்டருக்கு மைக்ரோகிராமா, மில்லிகிராமா? கிணற்றின் ஆழம் என்ன? அருகில் பட்டறை ஏதேனும் இருந்ததா? மாதிரிப் புட்டியை விளிம்புவரை நிரப்பினீர்களா? இது எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால், புட்டியில் காற்று இருந்திருந்தால் உண்மை அளவு அறிக்கையில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

தெளிநீர்:
கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பீர்கள். அந்தக் குளோரின்தான் இப்படி மாறியிருக்கும். ஒரு மாதம் போடாமல் இருந்து பாருங்கள்.

சேர்மம்:
பெயரில் குளோரோ என்று இருந்தாலே பிளீச்சிங் பவுடரை நினைப்பவர்கள், பதில் எழுதுமுன் பாடநூலைப் புரட்டுவது நல்லது. நீரிலுள்ள கரிமப் பொருளோடு குளோரின் வினைபுரிந்து உண்டாவது குளோரோஃபார்ம் போன்றவை. டிரைகுளோரோஎத்திலீனோ உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் கரைப்பான். அதன் அடர்த்தி 1.46, அதாவது நீரைவிடக் கனமானது என்பதால், தரையில் கொட்டியது நிலத்தடி நீரையும் கடந்து கீழிறங்கி, களிமண் அடுக்கின்மேல் தேங்கி, பல பத்தாண்டுகள் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் காத்திருப்பதால் எதுவும் மாறாது.

மண்வாசி:
அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. காற்றில் அது சில நாட்களில் சிதைந்துவிடும். மண்ணிலும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில், நுண்ணுயிரிகள் குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும்.

சேர்மம்:
அப்படிக் கழற்றும்போது இடையில் உண்டாவது வினைல் குளோரைடு என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? அதுவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதுதான். டீஹாலோகாக்காய்டஸ் என்ற நுண்ணுயிரி இல்லாத மண்ணில், சிதைவு தீங்கில்லாத எத்திலீன்வரை போகாமல் பாதியிலேயே நின்றுவிடும்.

மண்வாசி:
இடைநிலையைச் சொல்லாதது என் பிழை. ஆனால் அந்த நுண்ணுயிரியையே நிலத்தடியில் செலுத்தி, அதற்கு உணவும் கொடுத்து, மாசடைந்த இடங்களைத் தூய்மை செய்கிறார்கள் என்பதும் உண்மை.

நீரோட்டம்:
அந்த விவாதம் பிறகு நடக்கட்டும். கேட்டவர் வீட்டில் குழந்தை இருக்கிறது. கொதிக்க வைத்தால் இது நீரைவிட்டு வெளியேறும், ஆனால் வீட்டுக் காற்றில் கலந்து எல்லோர் மூச்சிலும் புகும். வெந்நீர்க் குளியலிலும் இதுவே நடக்கும். ஆகவே, குடிக்கவும் சமைக்கவும் இப்போதே வேறு நீருக்கு மாறுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். உங்கள் 14 மில்லிகிராமாக இருந்தால் அது ஆயிரம் மடங்குக்கும் மேல். சிறுநீரகப் புற்றுநோய்ச் சான்றுகளின் அடிப்படையில் இப்பொருள் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. வீட்டுக்குள் வரும் குழாயிலேயே, தக்க அளவுள்ள செயலூட்டப்பட்ட கரி வடிகட்டியைப் பொருத்தினால் பயன் தரும். ஆனால் கரி நிறைந்துவிட்டால் மாசு அப்படியே கடந்து வரும், அதை நாக்கோ மூக்கோ காட்டிக்கொடுக்காது. வடிகட்டிய நீரையும் குறித்த இடைவெளியில் ஆய்வுக்குக் கொடுங்கள்.

ஆழ்துளை:
மைக்ரோகிராம்தான். புட்டியைப் பாதிதான் நிரப்பியிருந்தேன். சாலையின் மறுபக்கம் முன்பு ஓர் உலோகப் பட்டறை இருந்ததாம். குழந்தைக்கு வேறு நீர் வாங்கிவிட்டோம். நாளை மறுமாதிரி கொடுக்கிறேன். நன்றி.

நீரோட்டம்:
ஆய்வகம் தரும் புட்டியிலேயே, குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, குளிர்ச்சியாகக் கொண்டுசெல்லுங்கள். வினைல் குளோரைடையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.