வீட்டு கேஸ் தகுதியிலிருந்து வணிகச் சமையலறைக்கு: எந்தத் தேர்வு முதலில்?

வணக்கம். பிரிட்டனில் 6 வருடமாக வீடுகளில் கேஸ் வேலை செய்கிறேன். இங்கே கேஸ் வேலைக்குச் சட்டப்படி தேவையான கேஸ் சேஃப் பதிவு இருக்கிறது. கையில் இருப்பது சிசிஎன்1 (வீட்டு இயற்கை எரிவாயு வேலைக்கான அடிப்படைப் பாதுகாப்புத் தகுதி), அதோடு வீட்டு அடுப்பு, பாய்லர் தகுதிகள்.

போன மாதம் ஓர் உணவகத்தில் கூப்பிட்டார்கள். ஆறு பர்னர் ரேஞ்சை மாற்ற வேண்டும், பக்கத்தில் புதிதாக ஒரு ஃப்ரையர். இயற்கை எரிவாயு இணைப்பு. மேலே புகைபோக்கி விசிறியோடு இன்டர்லாக். விசிறி நின்றால் கேஸ் வால்வும் மூடிக்கொள்ளும். என் கேஸ் சேஃப் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தேன், அதில் எனக்குத் தகுதி உள்ளதாகப் போட்டிருப்பது எல்லாமே வீட்டு வேலைதான். தொடாமல் திரும்பிவிட்டேன். ஆனால் அந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

வணிகச் சமையலறைக் கருவிகளுக்கான தேர்வுகளில் ரேஞ்சுக்கு காம்கேட்1, ஃப்ரையருக்கு காம்கேட்3 என்பது வரை தெரிந்துகொண்டேன். குழப்பம் அதற்கு முந்தைய படியில். இரண்டு பயிற்சி மையங்களில் கேட்டேன். ஒருவர், வீட்டுத் தகுதியிலிருந்து மாறுவதற்கான சின்னத் தேர்வு போதும் என்றார். இன்னொருவர் வணிகச் சமையலறைக்கான அடிப்படைத் தேர்வை முழுதாக எழுதச் சொன்னார். இரண்டுக்கும் நாள் கணக்கில் பெரிய வித்தியாசம். மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன், இருவரும் பாடத்திட்டத்தைத்தான் அனுப்பினார்கள். என் சிசிஎன்1 5 வருடக் கெடுவும் நான்கு மாதத்தில் முடிகிறது.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: சிசிஎன்1 வைத்திருப்பவர் காம்கேட்1 எழுதுவதற்கு முன் மாற்றுத் தேர்வு மட்டும் போதுமா, முழு அடிப்படைத் தேர்வும் வேண்டுமா?