எங்க வீட்ல காக்காவுக்குப் பேரு தாத்தா

எங்க பொண்ணுக்கு 'க' ரொம்ப நாள் வரவே இல்ல. 'க' வர்ற இடத்துல எல்லாம் 'த' போட்டுப்பா. கோலம் 'தோலம்', கடல் 'தடல்', கத்திரிக்காய் 'தத்தித்தாய்'. எங்களுக்குப் பழகிடுச்சு. வெளியாளுங்களுக்குத்தான் கூடவே விளக்கம் சொல்லணும். அவங்கப்பா ஆபீஸ் கிளம்பும்போது வண்டி கீயை எடுத்துக் குடுக்குறது அவ வேலை. "தீ! தீ!"னு கத்திக்கிட்டே வாசலுக்கு ஓடுவா. எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி ஒரு நாள் கையில கரண்டியோட வெளிய வந்துட்டாங்க.

இதுல பெரிய சிக்கல் காக்காதான். காக்கா 'தாத்தா' ஆயிடுச்சு.

என் மாமனார் இவ பொறக்குறதுக்கு முன்னாடியே தவறிட்டார். அமாவாசைன்னா அத்தை மொட்டை மாடி கைப்பிடிச் சுவர்ல தண்ணி தெளிச்சு, சோறும் பருப்பும் வடையும் வச்சு, "கா... கா..."ன்னு கூப்பிடுவாங்க. ஒரு அமாவாசைக்கு இவ என் இடுப்புல உக்காந்துக்கிட்டு அவங்களுக்கு முந்திக்கிட்டா. "தா... தா... தாத்தா வா! மம்மு!" எனக்கு பக்குனு ஆயிடுச்சு, அத்தை முகத்தைப் பாத்தேன். அதுக்குள்ள தண்ணி டேங்க் மேல இருந்த காக்கா இறங்கி வந்து வடையைக் கொத்துது. அத்தை இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னாங்க. "நான் கூப்பிட்டு இந்த மனுசன் ஒரு தடவைல வந்ததே இல்ல. பேத்தி கூப்பிட்டா வர்றாரு பாரு"ன்னு சொல்லிட்டு இன்னொரு வடையையும் பிச்சு வச்சாங்க. அதுக்கப்புறம் அந்த வார்த்தையைத் திருத்தணும்னு எங்க யாருக்கும் தோணல.

கஷ்டம் எங்கப்பாவுக்குத்தான். குரோம்பேட்டையில ரயிலேறி சைதாப்பேட்டையில இறங்கி, பேத்தியைப் பாக்க வேர்க்க விறுவிறுக்க வருவார். "தாத்தா!"ன்னு குரல் கேட்டதும் கையை நீட்டுவார். அவ விரல் ஜன்னலைக் காட்டும். "தலைக்கு டை அடிச்சது தப்பாப் போச்சு"ன்னு சொல்லிட்டு உக்காந்துடுவார்.

'ழ' கதை வேற. அத்தைக்கு ஊர் கும்பகோணம் பக்கம். அந்த ஒரு எழுத்துல மட்டும் விட்டுக்குடுக்கவே மாட்டாங்க. "வாழைப்பழம் சொல்லு, நாக்கை மடி"ன்னு தினமும் பாடம் நடக்கும். கீழே தள்ளுவண்டி அண்ணன் "வாயப்பயம்! வாயப்பயம்!"னு கூவிக்கிட்டுப் போவார். இவளும் பால்கனி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அதையே கூவுவா. "பாப்பா கரெக்டா சொல்லுது பாருங்கம்மா"ன்னு அவர் ஒரு பழம் சும்மாவே குடுப்பார். மெட்ராஸ்ல மழையே மய ஆகும்போது ரெண்டு வயசுக் குழந்தையை மட்டும் என்னன்னு கேக்குறது?

பிளே ஸ்கூல்ல விட்டதும் மிஸ் கூப்பிட்டு, "பேச்சு தெளிவா இல்ல, வீட்ல இங்கிலீஷ்லயே பேசுங்க"ன்னாங்க. அன்னிக்கு வந்த கோவம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. குழந்தை டாக்டர்கிட்ட கேட்டேன். 'த' நாக்கு நுனியில வர்றது, 'க' நாக்கோட பின்பக்கம் மேல தூக்கணும், நிறையக் குழந்தைங்க முதல்ல நுனியைத்தான் பிடிப்பாங்க, மூணு மூணரை வயசுக்குள்ள பெரும்பாலும் சரியாயிடும், ர, ழ எல்லாம் இன்னும் மெதுவா வரும்னார். வெளியாளுக்கு ரெண்டு வயசுல பாதி புரிஞ்சாப் போதும், மூணுல முக்கால்வாசி, நாலுல அனேகமா எல்லாம். வீட்டு மொழியை நிறுத்தவே வேண்டாம்னும் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைக் கண்டிப்பா எழுதணும். 16 மாசமாகியும் ஒரு வார்த்தை கூட இல்லன்னாலோ, ரெண்டு வயசுல "அப்பா வா", "பால் வேணும்" மாதிரி சொந்தமா ரெண்டு வார்த்தை சேர்க்கலன்னாலோ, பேசிக்கிட்டிருந்த குழந்தை பேச்சை விட்டுடுச்சுன்னாலோ, "மழலைதானே, வளர்ந்தா சரியாயிடும்"னு உக்காந்திருக்கக் கூடாது. உடனே காட்டணும், காதும் டெஸ்ட் பண்ணணும். எந்தப் பாட்டி என்ன சொன்னாலும் சரி.

மத்தபடி, "தப்பு, திருப்பிச் சொல்லு"ன்னு விரட்டாம, அவ "தாத்தா"ன்னா "ஆமா, காக்கா வந்துடுச்சு"ன்னு நாம சொல்லிட்டுப் போனாப் போதுமாம். நாங்க அதையும் அரை மனசாத்தான் செஞ்சோம். தண்ணிக்கு அவ சொன்ன 'நன்னி' எங்க எல்லார் வாயிலயும் ஒட்டிக்கிச்சு. தண்ணி கேன் போடுறவர்கிட்ட என் வீட்டுக்காரர் போன்ல "அண்ணா, ரெண்டு நன்னி கேன்"னு சொல்லி, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அவ சொன்னதையெல்லாம் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் எழுதி வைக்கிறேன். தேதி தனியா எழுத வேணாம், ராகு காலம் வரைக்கும் அச்சாகி இருக்கு. பிஸ்கட் டப்பா ஒண்ணு ரொம்பிடுச்சு.

மூணு வயசு தாண்டினதும் திடீர்னு ஒரு நாள் 'க' வந்துச்சு. வந்தது அளவா வரல. கண்ட இடத்துலயும் 'க' போட ஆரம்பிச்சா. தட்டு 'கட்டு' ஆச்சு, தோசை 'கோசை' ஆச்சு. அந்த வாரம் எங்கப்பா வந்தார். கதவைத் திறந்ததும் இவ ஆசையா ஓடிப்போய் காலைக் கட்டிக்கிட்டு "காக்கா!"ன்னா. "முன்னாடி இருந்ததே பரவால்ல"ன்னார் அவர்.

இப்போ ரெண்டும் அதது இடத்துக்குப் போயிடுச்சு. 'ர' மட்டும்தான் மிச்சம், ரயில் இன்னும் 'யயில்'தான். அதைப் பிடிக்கலாம்னு போனை எடுத்துட்டு, "சைதாப்பேட்டைக்குத் தாத்தா எதுல வருவார்?"னு கேட்டேன். என்னையும் போனையும் மாறி மாறிப் பாத்துட்டு "ஆட்டோ"ன்னுட்டா.