ஆர்டிஐ போட்டு எம்-புக் பார்த்தேன்

எங்க தெருவுல போட்ட சிமென்ட் ரோடு முதல் மழைக்கே ஓரம் பெயர்ந்து ஜல்லி வெளியே வந்துடுச்சு. ஊராட்சியில கேட்டா ஒன்றியத்தைக் கை காட்டுவாங்க, ஒன்றியத்துல கேட்டா கான்ட்ராக்டரை. அதனால ஆர்டிஐல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, வெள்ளைத்தாள்ல மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை அட்டையோட அனுப்பிட்டேன். எஸ்டிமேட், வேலை உத்தரவு, அளவுப் புத்தகம் (போட்ட வேலையை அளந்து எழுதி வைக்கற புத்தகம், எம்-புக்குன்னு சொல்வாங்களே, அதுதான்), இதுங்களோட நகல் கேட்டேன். கூடவே கோப்பை நேர்ல பார்க்கணும்னும் ஒரு வரி.

30 நாள் போச்சு, பதில் இல்லை. நிறையப் பேர் இங்கதான் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்"னு உட்கார்ந்துடறாங்க. கெடு முடிஞ்ச அடுத்த 30 நாளுக்குள்ள அந்தச் சட்டத்தோட 19(1) பிரிவுல முதல் மேல்முறையீடு போட்டாகணும். போட்டேன். அப்புறம்தான் போன் வந்தது.

ஆபீஸ்ல முதல் கேள்வி, "எதுக்குத் தம்பி இதெல்லாம்?" காரணம் சொல்ல வேண்டாம்னு 6(2) இருக்கு சார்னேன். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொன்னாங்க. கெடு தாண்டினா இலவசம், 7(6). அதுக்கு மேல பேச்சில்லை, டீ வந்தது.

எம்-புக்குல கனம் 15 செ.மீ.ன்னு எழுதி, கீழே ஓவர்சியர் கையெழுத்து. பெயர்ந்து கிடந்த துண்டுல பொண்ணோட ஸ்கேலை வெச்சா 9 கூட வரலை. அந்தப் பக்கத்தையும் ஸ்கேலோட எடுத்த போட்டோவையும் சேர்த்து கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல கொடுத்தேன். ஓரத்தை இடிச்சுத் திரும்பப் போட்டாங்க. நடுவுல என்ன கனமோ!

பதில்:
அண்ணே, நான் "எங்க தெருவுக்கு ஏன் குடிதண்ணி வரலை"ன்னு கேட்டேன். "விளக்கம் கோருவது தகவல் ஆகாது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. இனி என்ன செய்ய?

பதில்:
எரிச்சலாத்தான் இருக்கும் தம்பி, ஆனா சட்டப்படி அவங்க சொன்னது சரி. கோப்புல இருக்கறதைத்தான் கொடுக்கணும், இல்லாத காரணத்தை உட்கார்ந்து எழுதித் தர வேண்டியதில்லை. 'ஏன்'ஐ எடுத்துடு. தண்ணிக்காக நீ கொடுத்த மனுவோட தேதியைப் போட்டு, அதுமேல எழுதின குறிப்புகளோட நகல், எந்த அலுவலர்கிட்ட எந்தத் தேதியில இருந்து கோப்பு நிக்குதுங்கற விவரம், இப்படிக் கேளு. பேரும் பதவியும் எழுதணும்னாலே கோப்பு நகர ஆரம்பிச்சுடும். முதல் மேல்முறையீட்டுக்கும் வாயைத் திறக்கலேன்னா 90 நாளுக்குள்ள சென்னையில இருக்கற மாநிலத் தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது மேல்முறையீடு. நாளுக்கு 250 ரூபாய்னு 25,000 வரை அபராதம் போட அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. போடறாங்களான்னு கேட்காதே, அதுக்குத் தனியா ஒரு பதிவு எழுதணும்.