10ஜி கார்டு போட்டும் 3.3 ஜிகாபிட்டைத் தாண்டவில்லை

ஆல்பம்_ஈரோடு:
வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். முகூர்த்த மாதங்களில் ஃபுட்டேஜ் குவிந்துவிடுவதால் வீட்டிலேயே ஒரு ஸ்டோரேஜ் மெஷின் கட்டினேன். பி450 சிப்செட் மதர்போர்டு, ரைசன் 5 3400ஜி பிராசஸர், லினக்ஸ், ஆறு ஹார்ட் டிஸ்க். செகண்ட் ஹேண்டில் இரண்டு இன்டெல் எக்ஸ்520 கார்டு (10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு) வாங்கி, ஒன்றை இதிலும் மற்றொன்றை எடிட்டிங் மெஷினிலும் மாட்டி, நடுவில் சுவிட்ச் இல்லாமல் நேரடியாக டேக் கேபிள் (இரு முனையிலும் பிளக்கோடு வரும் செம்புக் கேபிள்) போட்டேன்.

லிங்க் 10ஜி என்றுதான் காட்டுகிறது. ஆனால் ஐபெர்ஃபில் (நெட்வொர்க் வேகத்தை அளக்கும் புரோகிராம்) எத்தனை முறை ஓட்டினாலும் 3.3 ஜிகாபிட். கேபிளை மாற்றினேன், எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 ஆக்கிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை, பழையபடி 1500-க்கே வைத்துவிட்டேன். கார்டு போலியா?

செம்பருத்தி77:
ஹார்ட் டிஸ்க் வேகம் அவ்வளவுதான் வரும் நண்பரே. எஸ்எஸ்டி போடுங்கள்.

பழைய_சர்வர்:
ஐபெர்ஃப் டிஸ்க்கைத் தொடவே தொடாது. மெமரியிலிருந்து மெமரிக்குத்தான் அனுப்பும். அதனால் டிஸ்க்கை விடுங்கள்.

ஆல்பம், கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது? 3.3 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்.

ஆல்பம்_ஈரோடு:
மேல் ஸ்லாட்டில் ஹார்ட் டிஸ்க்குகளுக்கான கன்ட்ரோலர் கார்டு இருக்கிறது. அது நன்றாகச் சூடாகும். அதனால் காற்றோட்டத்துக்காக நடு ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிட்டுக் கடைசியில் மாட்டினேன். அதுவும் நீளமான எக்ஸ்16 ஸ்லாட்தான் அண்ணா.

பழைய_சர்வர்:
நீளத்தைப் பார்த்து ஏமாறாதவர் யார்! நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். முன்பக்கத்தில் கொஞ்சம் பின்கள் மட்டும் இருக்கும், மீதி வெறும் பிளாஸ்டிக். சில பி450 போர்டுகளில் கடைசி நீள ஸ்லாட்டுக்கு ஒரே ஒரு லேன்தான் வயரிங். (இந்த லேன் நெட்வொர்க் லேன் அல்ல, டேட்டா போகும் தடம். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.)

கணக்கு இதுதான். எக்ஸ்520 பிசிஐஇ 2.0 (போர்டு ஸ்லாட்டுகளின் இரண்டாம் தலைமுறைத் தரம்) கார்டு, கேட்பது எட்டுத் தடம். 2.0-வில் ஒரு தடத்தில் நொடிக்கு 5 ஜிகாபிட் ஓடும். அதில் 8 பிட் டேட்டாவுக்கு 10 பிட் அனுப்புவதால் கையில் நிற்பது 4 ஜிகாபிட். பாக்கெட் தலைப்புகளுக்கும் கொஞ்சம் போய்விட்டால் நீங்கள் பார்க்கும் 3.3 வரும். கார்டு நல்ல கார்டுதான்.

டிமெசேஜைப் (லினக்ஸின் சிஸ்டம் பதிவு) பாருங்கள். டிரைவரே புலம்பியிருக்கும்.

நடு ஸ்லாட் அநேகமாக நான்கு தடம். சிப்செட்டிலிருந்து வருவது, அதுவும் 2.0-தான், ஆனால் 16 ஜிகாபிட் வரும். ஒரு போர்ட்டுக்கு அது தாராளம், இரண்டு போர்ட்டையும் முழுவேகத்தில் ஓட்டத்தான் போதாது. ஒன்று மட்டும் கவனம்: சில போர்டுகளில் பக்கத்துச் சின்ன ஸ்லாட்டில் ஏதாவது செருகினால் இந்த நான்கில் தடம் குறைந்துவிடும். மேனுவலில் ஸ்லாட் பக்கத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஆல்பம்_ஈரோடு:
டிமெசேஜில் அப்படியே இருக்கிறது: 4 ஜிகாபிட்தான் கிடைக்கிறது, காரணம் எக்ஸ்1 (ஒற்றைத் தட) லிங்க், 32 வரை போகக்கூடிய கார்டு என்று. இரண்டு வாரமாக அந்த வரி என் கண்ணில் படவே இல்லை!

நடு ஸ்லாட்டுக்கு மாற்றினேன். முதலில் மறுபடியும் எக்ஸ்1. சின்ன ஸ்லாட்டில் ஒரு பழைய வைஃபை கார்டு இருந்தது. அதைப் பிடுங்கியதும் எக்ஸ்4, ஐபெர்ஃபில் 9.4.

பழைய_சர்வர்:
சாதாரண 1500 எம்டியுவில் அதற்கு மேல் வராது. நிம்மதியாக மூடியைப் போடுங்கள்.

செம்பருத்தி77:
நான் சொன்னது தப்புதான், சரி. ஃபைல் காப்பி இப்போது எவ்வளவு வருகிறது?

ஆல்பம்_ஈரோடு:
நொடிக்கு 700 எம்பி பக்கம். இப்போதுதான் அண்ணா நீங்கள் சொன்ன ஹார்ட் டிஸ்க் வேலையைக் காட்டுகிறது :)

மூடியை இன்னும் போடவில்லை. இரண்டு கார்டும் ஒட்டிக்கொண்டு கொதிக்கின்றன. ஒரு 80 எம்எம் ஃபேனை ஜிப் டையால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.